தறிச் சத்தம் கேட்கிற வரைக்கும்

போன மாதம் எங்கள் மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கென்று புதிதாக ஒரு அறை திறந்தார்கள். ஓய்வு பெற்றவள் என்று என்னையும் மறக்காமல் கூப்பிட்டிருந்தார்கள். சுவரெல்லாம் பஞ்சு வைத்து அடித்து, கதவு இடுக்குக்கு ரப்பர் கொடுத்து, வெளிச் சத்தம் ஒரு பொட்டுக்கூட உள்ளே வராதபடி செய்திருந்தார்கள். திருத்தணியில் இது லேசுப்பட்ட காரியமா? மலைக்குப் போகிற பஸ்ஸின் ஹாரன், கடைக்குக் கடை ஒலிபெருக்கி, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு தெலுங்கில் ஒருவரையொருவர் கூவிக் கூப்பிட்டபடி போகிற கூட்டம். "இப்ப பாருங்க மேடம்" என்று பெருமையாகச் சொல்லி, என் வேலைக்கு வந்திருக்கும் பெண் கதவைச் சாத்தினாள்.

சத்தம் பொட்டென்று நின்றது. என் கண் தானாகத் தரையைப் பார்த்தது.

"கதவத் திறம்மா முதல்ல" என்றேன். அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போய்விட்டது. அத்தனை பேர் முன்னால் விளக்கம் சொல்ல முடியவில்லை. சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டு, எழுதித் தருகிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன். அந்தக் கடனைத்தான் இப்போது தீர்க்கிறேன்.

நான் படித்தது சமூகப் பணி. சென்னையில் இரண்டு வருஷம் ஒரு பெரிய வார்டில் பயிற்சி. அங்கே நான் கற்றுக்கொண்டதில் உருப்படியானது ஒன்றுதான்: வாயை மூடிக்கொண்டு உட்காருவது. என் வாயைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சாதனை என்று புரியும். பிறகு திருத்தணிக்கு வந்தேன். மிச்சத்தையெல்லாம் டாக்டர் மனோன்மணி கற்றுக்கொடுத்தார்.

டாக்டரம்மாவுக்கு ஒல்லி உடம்பு, அதிகாரி குரல். வந்தவர் நாற்காலியைக் கதவுக்குப் பக்கத்தில்தான் போட வேண்டும். அவருக்கும் கதவுக்கும் நடுவே நாம் உட்காரக் கூடாது. கதவைச் சாத்துமுன் அவரைக் கேட்க வேண்டும். கேட்காமல் தோளைக்கூடத் தொடக் கூடாது. முதல் நாளே "உங்களுக்கு என்ன நடந்தது" என்று கேட்டுவிட்டேனோ, அன்று மாலை எனக்கு அர்ச்சனை நிச்சயம்.

"நடந்தது முடிஞ்சிபோச்சுன்னு அவங்க புத்திக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியாது. அது இன்னும் அந்த நாள்லயே நின்னுகினு இருக்கு. நம்ம வேலை உடம்புக்குச் சேதி சொல்றது, அவ்ளோதான்" என்பார். கதையை ஒரேயடியாகக் கொட்டவிடவும் மாட்டார். "ஒரு கரண்டி போதும், இன்னிக்கு மூடிடு" என்பார். இன்னொன்றும் அடிக்கடி சொல்வார்: "வாய் சொல்றதைக் காதால கேளு. கண்ணு மட்டும் அவங்க கையிலயே இருக்கட்டும்."

கையைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிப்போயிருந்த காலத்தில்தான் சுமதி வந்தாள்.

கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்றே தெரியாதிருந்த வருஷங்கள் அவை. அம்மையார்குப்பத்து விசைத்தறிக்காரர் ஒருவரின் மனைவி அவள். மூன்று வயதுப் பெண் குழந்தையை இடுப்பைவிட்டு இறக்காமல் நின்றுகொண்டே பேசினாள். புருஷன் பெயரைத் தணிகாசலம் என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். அதனால் யாருக்கும் சங்கடமில்லை.

"நான் அடுப்பாண்ட இருந்தேன் மேடம். கரண்ட் போச்சு. தெருவுல அத்தினி தறியும் நின்னு கப்சிப்னு ஆயிடுச்சு. எப்பவும் கரண்ட் போனா தெருப் பசங்கல்லாம் 'ஓ'ன்னு கத்தும், எம் பொண்ணுந்தான் கத்தும். அன்னிக்கு இது கொரல மட்டும் காணோம். போய்ப் பாத்தா தறியாண்ட கீழ குந்திகினு கீறாரு. பாப்பா மடியில. வாயையும் மூக்கையும் சேத்துக் கையால பொத்திகினு கீறாரு. அது ரெண்டு காலையும் ஒதைச்சிகினு கீது."

"அப்புறம்?"

"கத்தினேன், முதுகுல குத்தினேன், கையக் கடிச்சேன். அசையல மேடம். அப்பால கடைசி வூட்டுல ஜெனரேட்டர் போட்டுத் தறி ஓட்டுனாங்க. அந்தச் சத்தம் வந்துச்சோ இல்லியோ, கை தானா வுட்டுடுச்சு. 'பாப்பா ஏன் அழுவுது'ன்னு என்னியே கேக்கறாரு! பேய் புடிச்ச மூஞ்சியா இருந்தாகூட மனசு ஆறிப் போயிருக்கும். கொழந்தயத் தூங்க வெக்கிற மூஞ்சி மேடம் அது."

அவள் அன்றே குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகரியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பிஸ்கட் பொட்டலத்தோடு போய் வாசலில் நிற்பானாம். குழந்தை "அப்பா" என்று தாவுமாம். இவள் கொடுப்பதில்லை.

"கெட்ட மனுசன் இல்ல மேடம். குடிக்கறது இல்ல, கை நீட்டறது இல்ல. ஆனா கரண்ட் இல்லாத வூட்ல எம் பொண்ண அவர நம்பித் தனியா வுடலாம்னு நீங்க சொல்லுங்க, அன்னிக்கே வந்துடறேன். அதுவரைக்கும் வரமாட்டேன்."

"நீ செய்யறது சரி" என்று டாக்டரம்மா அவளிடம் சொன்னார். "நாங்க சொல்ற வரைக்கும் கொடுக்காத." அதைக் கேட்டதும்தான் சுமதி முதல் தடவையாக உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த வாரம் தணிகாசலம் வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. நூல் விலையைப் பற்றி நன்றாகவே பேசினான். டாக்டரம்மா வழக்கம்போல, "கதவைச் சாத்தலாமா?" என்று கேட்டார். "ஆங், சாத்துங்க மேடம்" என்றான். ஜன்னலையும் சாத்தினேன். எங்கள் ஊர் ஜனங்கள் டாக்டர் எதைக் கேட்டாலும் "ஆங்" தான் சொல்வார்கள். கையை வெட்டலாமா என்று கேட்டாலும் "ஆங், வெட்டுங்க மேடம்" என்பார்கள். அனுமதி கேட்கும் எங்கள் வழக்கத்துக்கு அங்கேதான் ஓட்டை.

பேச்சு பாதியில் நின்றது. அவன் வலது கை தொடையிலிருந்து மெல்ல எழும்பி, நெஞ்சுக்கு நேராக வந்து, எதையோ மூடுவதுபோலக் குவிந்து நின்றது. ஒரு சின்னக் குழந்தையின் முகம் கொள்ளுமளவு குழி அந்தக் கையில். மூச்சைப் பிடித்திருந்தான். கண் தரையில் இருந்தது.

"இந்த ரூமுக்குக் கீழ யாரு மேடம் கீறாங்க?" என்று குசுகுசுத்தான்.

"யாருமில்லீங்க. இது கீழ்த்தளம். கீழ வெறும் மண்ணுதான்" என்றேன்.

"ஆங்" என்றான். நான் பொய் சொல்கிறேன் என்று அவன் நினைப்பது முகத்தில் அப்படியே தெரிந்தது.

இப்படி நினைவு நழுவுகிறவர்களை இந்த நிமிஷத்துக்கு இழுத்துவர எங்கள் தொழிலில் முதலில் சொல்வது ஒன்றுதான். டாக்டரம்மா அதையே நிதானமாகச் சொன்னார்: "தணிகாசலம், ரெண்டு பாதத்தையும் தரையில நல்லா அழுத்துங்க. தரை தெரியுதா?"

அவன் விக்கித்துப்போய் இரண்டு காலையும் வெடுக்கென்று நாற்காலிமேல் தூக்கிக்கொண்டான். "மெதிக்கச் சொல்லாதீங்க மேடம். வேற இன்னா வேணாலும் சொல்லுங்க. மெதிக்கச் சொல்லாதீங்க."

வெளியே ஒரு சுற்றுலா பஸ் காதைப் பிளக்கிற மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மூடிய ஜன்னலையும் தாண்டி அது வந்தது. அவன் கை கீழே விழுந்தது. தன் கால் நாற்காலிமேல் இருப்பதைப் பார்த்துக் கூசிப்போய், இறங்கி, துண்டால் நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

அவன் போன பிறகு டாக்டரம்மா ஜன்னலைத் திறந்துவிட்டார். "அமைதியும் ஆகல, தரையும் ஆகல. நம்ம கையில இருந்த ரெண்டு சாமானும் போச்சு" என்றார். பிறகு என்னை அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவரச் சொன்னார்.

தறி ஓடுகிற தெருவுக்குள் நுழைந்தால் முதலில் நம் காது போய்விடும். கொஞ்ச நேரத்தில் அது பழகி, சத்தம் இருப்பதே தெரியாமல் போகும். தணிகாசலத்தின் கொட்டகையில் நாலு விசைத்தறி. மூலையில் இருந்த தறியை அவன் தன் கையால் ஒருநாளும் நிறுத்தியதில்லை என்று சுமதி சொல்லியிருந்தாள். ராத்திரி அவள்தான் அணைப்பாள். அதற்குள் அவன் தெருமுனைக்கு ஓடிவிடுவான். தூங்குவது கடகடவென்று ஆடும் பழைய மேஜை விசிறிக்குப் பக்கத்தில். பொங்கலன்றுகூட அந்தத் தறி ஓடியிருக்கிறது. ஊரில் அவனுக்குக் காசுப் பேய் என்று பேர்.

அந்தத் தறியின் பக்கத்தில் நின்று அவன் என் காதருகே கத்திப் பேசினான். ரகசியத்தை இவ்வளவு சத்தம் போட்டு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"முன்ன இங்க கைத்தறி இருந்துச்சு மேடம்! நெய்யறவங்க காலு வெக்கிறதுக்குத் தரையில குழி இருக்குமில்ல, அந்தக் குழி இதும் அடியிலதான் கீது! பவர்லூம் வாங்குனப்ப எங்க நைனா கல்லும் மண்ணும் போட்டு மூடி சிமெண்ட் பூசிட்டாரு! மூடறப்ப நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். உள்ள கொழந்த கீதுன்னு சொல்லல!"

"எந்தக் குழந்தை?"

"பாப்பா! எந் தங்கச்சி அலமேலு!"

"அவங்க இப்ப...?"

"அரக்கோணத்துல கீது மேடம்! நேத்துகூட போன் பண்ணுச்சு. பாவா ரயில்வேல கீறாரு. ரெண்டு பசங்க!"

அவன் முகத்தில் ஒரு குழப்பமும் இல்லை. தங்கை அரக்கோணத்தில் புருஷனோடு இருந்தாள். அவளே இந்தச் சிமெண்டுக்கு அடியிலும் இருந்தாள். ஒன்று இன்னொன்றைப் பொய்யாக்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்துக் கரண்ட் போனது.

சத்தம் ஒவ்வொன்றாக அடங்கவில்லை; தெரு மொத்தமும் ஒரே சமயத்தில் நின்றது. என் மூச்சு எனக்கே கேட்டது. அப்புறம் காலடியில் எங்கிருந்தோ "டிக்" என்று ஒரு சத்தம். கொஞ்சம் கழித்து மறுபடியும் "டிக்". சூடான இரும்பு ஆறும்போது அப்படித்தான் கேட்கும் என்று இன்று சொல்லிக்கொள்கிறேன். அன்று அந்த நொடியில், சத்தியமாகச் சொல்கிறேன், உள்ளேயிருந்து யாரோ விரலால் தட்டுகிறார்கள் என்றே நினைத்தேன். நானும் தரையைத்தான் பார்த்தேன்.

அவன் கை எழும்பியது.

தொடக் கூடாது, காலை ஊன்றச் சொல்லவும் கூடாது. என்ன செய்வேன்? தறியின் பாவு நூலில் ஒரு இழை அறுந்து தொங்குவது கண்ணில் பட்டது. "தணிகாசலம், அங்க பாருங்க, இழை அறுந்திருக்கு!" என்று அதட்டினேன்.

நெசவுக்காரன் கைக்கு வேறு புத்தி கிடையாது. காற்றில் குவிந்திருந்த கை நேரே இழைக்குப் போனது. விரல்கள் முனையைத் தேடிப் பிடித்து, முறுக்கி, முடிச்சுப் போட்டன. முடிச்சு விழுந்ததும் அவன் மூச்சு விட்டான். "கரண்ட் எப்ப மேடம் போச்சு?" என்றான்.

நான் இதைச் சொன்னதும் டாக்டரம்மா மேஜையைத் தட்டினார். "காலை வுடு. இனிமே கைதான்."

வைத்தியம் அதன் பிறகுதான் ஆரம்பமானது. முதல் சில வாரங்கள் கடந்த காலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. டாக்டரம்மா அவனுக்கு "வேணாம்" சொல்லப் பழக்கினார். விளையாட்டு மாதிரி இருக்கும். "கதவைச் சாத்தலாமா?" "ஆங்... இல்ல, வேணாம் மேடம்." சொல்லிவிட்டு, ஏதோ மரியாதைக்குறைவாக நடந்துகொண்டவன் போல எழுந்து நிற்பான். அப்புறம் ஒரு நூல்கண்டு. பேசுகிற நேரமெல்லாம் அவன் விரல்கள் அறுத்து அறுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே இருக்கும். தூக்கத்துக்குக் கொஞ்ச நாள் மாத்திரை. பிறகு போனில் தறிச் சத்தத்தைப் பதிந்து கொண்டுவரச் சொன்னார். அதை ஓடவிட்டு, சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவன் கையிலேயே. ஒரு துளி குறைக்க வேண்டும். இப்போது எந்த ஊரில், யார் முன்னால் இருக்கிறான், குழந்தை எங்கே இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முடியவில்லை என்றால் தானே கூட்டிக்கொள்ள வேண்டும். அந்த அறையில் எனக்குத் தலைவலி மாத்திரை செலவானதுதான் மிச்சம்.

இதற்கு நடுவே விஷயம் தெருவில் கசிந்துவிட்டது. தறிக்கடியில் குழந்தையைப் புதைத்திருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு. குறி சொல்கிறவர் ஒருவர் வந்து, தரையை உடைத்துப் பரிகாரம் செய்தால்தான் குடும்பம் தழைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். தணிகாசலமே கடப்பாரை வாங்கி வைத்துவிட்டான்.

"ஒரு தபா தோண்டிப் பாத்துட்டா போதும் மேடம். இல்லன்னு கண்ணால பாத்துட்டா வுட்டுடுவேன்" என்று கெஞ்சினான்.

எனக்கும், தோண்டித் தொலைக்கட்டுமே என்றுதான் இருந்தது. டாக்டரம்மா தலையை ஆட்டினார். "தோண்டுனா மண்ணுதான் வரும். இன்னும் ஆழத்துல கீதுன்னு தோணும். மறுபடி தோண்டுவீங்க. அந்தக் குழி உங்க வீட்ல இல்ல தணிகாசலம். அங்க கடப்பாரை எட்டாது. ஒவ்வொரு கரண்டியா நம்ம மூணு பேருமாத் தோண்டலாம்."

அப்படித்தான் தோண்டினோம். வந்த கதை இதுதான்.

அவனுக்கு ஏழு வயது. தங்கை தத்தித் தத்தி நடக்கிற குழந்தை. பங்காளிச் சண்டை முற்றி, பட்டப்பகலில் ஆட்கள் தடியோடு அவன் அப்பாவைத் தேடி வந்தார்கள். அவர்கள் தெருவில் கால் வைத்ததும் நெய்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் அப்படியே நிறுத்திவிட்டார்கள். அவன் அம்மா இரண்டு பிள்ளைகளையும் தறிக்குழிக்குள் இறக்கி, மேலே பழைய புடவையைப் போட்டு மூடினாள். "பாப்பா வாயப் பொத்திக்கோ. தறிச் சத்தம் கேக்கற வரைக்கும் கைய எடுக்காத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆட்கள் வீட்டுக்குள் வந்தார்கள். குழிக்குப் பக்கத்திலேயே நடந்தார்கள். அப்புறம் அப்பா கத்தும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. அப்பாவை வண்டியில் போட்டுக்கொண்டு அம்மாவோடு சேர்ந்து தெருவே ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டது. அன்று யாரும் தறியில் உட்காரவில்லை. தறிச் சத்தம் வரவேயில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வந்து பிள்ளைகளைத் தூக்கியபோது, தங்கை துவண்டு கிடந்தாள். மூஞ்சியில் தண்ணீர் தெளித்த பிறகுதான் அழுதாள். இவன் கையை விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுத்தார்களாம்.

அப்பா பிழைத்தார். தங்கையும் பிழைத்தாள். அந்த நாளைப் பற்றி வீட்டில் ஒருவரும் பேசவில்லை. அம்மா சாகிற வரைக்கும் வாய் திறக்கவில்லை. கையை எடுக்காதே என்று சொன்னவள், இனி எடுத்துக்கொள் என்று சொல்லாமலேயே போய்விட்டாள். இதைக் கேட்டுவிட்டு நான் அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதேன். எனக்கும் பிள்ளைகள் உண்டு.

அதன் பிறகு செய்கிற வேலை ஒன்று உண்டு. கண்ணை மூடி, இப்போதைய பெரிய மனிதனாக அந்த இடத்துக்குள் போய், அங்கே இருக்கிற பிள்ளையைப் பார்த்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல வைப்பது. எத்தனையோ பேருக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது. தணிகாசலமும் போனான். புடவையை விலக்கினேன் என்றான். பையன் உட்கார்ந்திருக்கிறான் என்றான். அதற்குமேல் நகரவில்லை. வாராவாரம் அதே இடத்தில் நின்றான்.

"அவன் என்னை நம்ப மாட்டேன்றான் மேடம். நிமிந்துகூடப் பாக்கல. நீ யாருன்றான். எங்கம்மா வந்து சொல்லணுமாம். இல்லன்னா தறிச் சத்தம் கேக்கணுமாம்."

அவன் கண்ணை மூடிக்கொண்டு சாதாரணக் குரலில் இதைச் சொன்னபோது, அந்த அறையில் எங்களோடு நாலாவதாக ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி எனக்கு இருந்தது. டாக்டரம்மாவே மேஜைமேல் இருந்த கையை இழுத்துக்கொண்டார்.

போனிலிருந்த தறிச் சத்தத்தைப் போட்டும் பார்த்தோம். "அது பவர்லூம் மேடம். அவனுக்குத் தெரியாது" என்றான்.

சரி, அலமேலுவைக் கூப்பிடலாமா என்று டாக்டரம்மா கேட்டார். அவன் "வேணாம்" என்றான். பழக்கிய "வேணாம்" என்பதால் நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். சில வாரம் கழித்து, அவனே ஒருநாள் "வரச் சொல்லிகீறேன்" என்றான்.

அலமேலு அரக்கோணத்திலிருந்து வந்தாள். நல்ல வாட்டசாட்டமான பெண், வாய் ஓயாத பேச்சு. அண்ணன் தன் கல்யாணத்தில்கூடத் தன் முகத்தை நேராகப் பார்க்கவில்லை என்று எங்களிடம் புகார் சொன்னாள். "நான் அப்படி இன்னா பாவம் பண்ணிட்டேன் மேடம் இவருக்கு?"

அண்ணன் நூலை முடிந்தபடியே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. நாற்காலியை அண்ணன் பக்கம் இழுத்துப் போட்டுக் கேட்டாள். "தறிச் சத்தம் கேக்கற வரைக்கும் எடுக்காதன்னுதான் அம்மா சொல்லிச்சு. நான் எடுக்கல பாப்பா" என்று முடித்தான்.

பிறகு என்னைப் பார்த்து, "ஜன்னல சாத்துங்க மேடம்" என்றான். நாங்கள் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான். சாத்தினேன். கதவையும் சாத்தினேன். சத்தம் அடங்கியது. நூல் கையிலிருந்து நழுவியது. வலது கை எழும்பிக் காற்றில் குவிந்து நின்றது. மூச்சு நின்றது.

அதற்குப் பிறகு நடந்தது எங்கள் திட்டத்தில் இல்லை. அலமேலு எழுந்தாள். அண்ணன் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் வாய்மேல் வைத்துக்கொண்டாள். நான் பதறி எழுந்தேன். டாக்டரம்மா பார்வையாலேயே என்னை உட்கார வைத்தார். கை இறுகியது. அவள் கன்னத்தில் விரல்கள் அழுந்திக் குழி விழுந்தது. அவள் அவனையே பார்த்தபடி மூக்கால் மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அந்தக் கைக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "டொக்கு... டொக்கு... டொக்கு." கைத்தறிச் சத்தம். அந்தத் தெருப் பிள்ளைகள் சின்ன வயதில் தறி விளையாட்டு விளையாடும்போது வாயால் போடுகிற சத்தம். பொத்திய கைக்குள் அது எங்கோ தூரத்தில், மண்ணுக்கடியில் கேட்கிற மாதிரிக் கேட்டது. "டொக்கு... டொக்கு."

தணிகாசலத்தின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கவனித்துக் கேட்டான். அவள் விடாமல் போட்டாள். அழுகையில் சத்தம் பிசிறியும் விடவில்லை.

"தறி ஓடுது" என்றான். அது ஏழு வயதுப் பையனின் குரல்.

ஒவ்வொரு விரலாகக் கை விட்டது. கையின் சூடு பட்டு அவள் வாயைச் சுற்றி வேர்த்திருந்தது. அவன் குனிந்து, அவள் முகத்தை முதல் தடவையாகப் பார்க்கிறவன் போலப் பார்த்தான். "நீ பெருசா ஆயிட்டியே பாப்பா" என்றான்.

"ஆவாம? ரெண்டு புள்ள பெத்துட்டேண்ணா" என்று சொல்லிவிட்டு அவள் அவன் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். டாக்டரம்மா எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் பார்க்க விடவில்லை.

ஒரே நாளில் தீர்ந்துவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. பிறகும் மாதக்கணக்கில் வந்தான். சில நாள் கை எழும்பும். அவனே பார்த்து இறக்கிக்கொள்வான். சத்தமே இல்லாத அறையில் உட்காரப் பழகினான். ஒருநாள் இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி, "குளுகுளுன்னு கீது மேடம்" என்றான். குழந்தையோடு அவனை விட்டு, முதலில் சுமதி பக்கத்தில் இருக்கும்போது, அப்புறம் அவள் அடுத்த அறையில் இருக்கும்போது, கரண்ட் போன நேரங்களிலும் பார்த்தோம். டாக்டரம்மா ரொம்பத் தாமதமாகத்தான், "இனிமே வுடலாம்" என்று சுமதியிடம் சொன்னார். அவர் வாயில் அந்த வார்த்தை சும்மா வராது என்று எனக்குத் தெரியும். சுமதி மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

கடைசியாக நான் அந்த வீட்டுக்குப் போனது ஒரு மத்தியானம். சுமதி கடைக்குப் போயிருந்தாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கரண்ட் போனது. தெரு மொத்தமும் நின்றது. உள்ளே அப்பாவும் பெண்ணும் மட்டும்.

குழந்தையின் குரலைக் காணவில்லை. நான் உள்ளே ஓடினேன்.

அவன் மூலைத் தறியின் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தான். குழந்தை குப்புறப் படுத்துச் சிமெண்டில் காதை வைத்திருந்தது. என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தது.

"இன்னா பண்ணுது?" என்று கேட்டேன்.

"நாந்தான் மேடம் சொன்னேன், கீழ எங்களோட பழைய தறி கீதுன்னு. கேட்டுகினு கீது."

"உங்களுக்குக் கேக்குதா?"

முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "கேக்குது மேடம். கேக்காம இல்ல. ஆனா இப்ப மூச்சு வுடற சத்தம்தான். கேட்டா கேக்கட்டும்."

குழந்தை எழுந்து உட்கார்ந்து, வாயால் தறி ஓட்ட ஆரம்பித்தது. "டக்டக் டக்டக் டக்டக்." இது விசைத்தறி. அத்தை போட்டதைவிட வேகம். அந்த மௌனமான தெருவில் அந்த ஒரு குரல்தான். அவன் தலையை ஆட்டித் தாளம் போட்டான். நானும் உட்கார்ந்துகொண்டேன்.

கரண்ட் வந்தது. அத்தனை தறியும் கடகடவென்று கிளம்பின. குழந்தை வாயைத் திறந்து திறந்து மூடியது, ஒன்றும் கேட்கவில்லை. அதற்குக் கோபம் வந்துவிட்டது. அப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்கி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தியது: "யப்பா! நிறுத்து! எந் தறி கேக்கல!"

தணிகாசலம் எழுந்தான். மூன்று தறிகளை வரிசையாக நிறுத்தினான். மூலைத் தறியின் முன்னால் கொஞ்சம் நின்றான். பிறகு தன் வலது கையை நீட்டி அதன் சுவிட்சை அணைத்துவிட்டு, வந்து பெண்ணின் முன்னால் உட்கார்ந்து, "ஆங், இப்ப ஓட்டு" என்றான்.